பந்தாடும் பெண்களும் பேணியில் வரும் பலமும்

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் நமது கரையோர ஊர்களில் உதைபந்தாட்டத்தை மாலைப் பொழுதின் ஓர் அங்கம் என்றே சொல்லலாம். அஸர் தொழுகை முடிந்ததும் கடற்கரை மணலிலோ, அறுவடை முடிந்த வயல்வெளியிலோ, கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலோ ஒரு பந்து உருளத் தொடங்கிவிடும். அப்பந்தின் பின்னே ஓடுபவர்கள் ஆண்பிள்ளைகள். பெண்பிள்ளைகள் பாடசாலை மதிலுக்குள் வலைப்பந்தாடுவார்கள், எல்லே ஆடுவார்கள், காலாற் பந்தை உதைப்பது அவர்களுக்குரிய காரியமன்று என்றே நெடுங்காலம் எண்ணி வந்தோம்.

இவ்வெண்ணம் நமக்கு மாத்திரம் உரியதென்று நினைத்துவிடலாகாது. உதைபந்தாட்டத்தின் தாயகமாகிய இங்கிலாந்திலேயே 1920ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் லிவர்ப்பூல் நகரில் நடைபெற்ற ஒரு மகளிர் ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டே அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம், இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறித் தன் மைதானங்களின் கதவுகளை அவர்களுக்கு அடைத்துவிட்டது. அத்தடை நீங்க ஏறத்தாழ 50 ஆண்டுகள் சென்றன. மகளிருக்கான முதலாவது உலகக் கிண்ணம் 1991இல் சீனாவிலேதான் நடைபெற்றது.

நம் வீடுகளிற் பலரும் அறிய விரும்பும் இன்னொரு வரலாறும் உண்டு. 2011இல் ஈரானிய மகளிர் அணி, தலையை மறைத்து ஆடிய காரணத்தால், ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டமொன்றில் இறங்கவொட்டாமல் தடுக்கப்பட்டது. அப்பெண்கள் மைதானத்தில் நின்று கண்ணீர் வடித்த படம் உலகெங்கும் வெளியாயிற்று. பின்னர் விதி திருத்தப்பட்டு, 2014இல் தலைமறைப்பு முறைப்படி அனுமதிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் மொறோக்கோ நாட்டின் நுஹைலா பென்ஸீனா ஹிஜாப் அணிந்து ஆடினார். மூத்தோர் உலகக் கிண்ணத்தில் அவ்வாறு ஆடிய முதற் பெண்மணி அவரே. நம் நாட்டிலும் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் இவ்விளையாட்டிற் புகழீட்டியுள்ளனர். அக்கரையிலே, மதுரையின் சேது அணி 2019இல் இந்திய மகளிர் லீக் கிண்ணத்தையே வென்றது. ஆகவே, ‘பெண்பிள்ளை பந்தடிப்பதா?’ என்ற கேள்வி பழைய கேள்வியாகி வருகின்றது.

புதிய கேள்வி வேறொன்று. பிள்ளை ஆடத் தொடங்கியதும் கைத்தொலைபேசியில் விளம்பரங்கள் வந்து குவிகின்றன. புரதமாப் பேணி, ‘சக்தி’ பானம், தசையை வளர்க்கும் தூள், களைப்பைப் போக்கும் குளிசை என்று எத்தனையோ! அதன்பின் வீட்டில் நடைபெறும் சம்பாஷணையை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

“உம்மா, எல்லாரும் குடிக்கிறாங்க. எனக்கும் ஒரு பேணி வாங்கித் தாங்களேன்.”

“சோத்தில இல்லாத சத்தா மகள் அந்தப் பேணியில கிடக்கு?”

உம்மாவின் வாதம் பெரும்பாலும் சரியே, முழுவதும் சரியன்று. எவ்வளவு சரி என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் இந்த ஆட்டம் தேகத்திடம் என்ன கேட்கின்றது என்பதை அறிய வேண்டும். டென்மார்க்கின் முதற்றர வீராங்கனைகள் 14 பேரை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓர் ஆட்டத்தில் ஒருத்தி சராசரியாக 10.3 கிலோமீற்றர் தூரம் நடந்தும் ஓடியும் கடக்கின்றாள். அதில் வேகவோட்டம் ஏறக்குறைய 1.3 கிலோமீற்றர். கல்முனையிலிருந்து நிந்தவூருக்கும் அப்பால் செல்லக்கூடிய தூரத்தை ஒன்றரை மணி நேரத்தில், நின்று, திரும்பி, குதித்து, மோதிக் கடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு எரிபொருள், தசைகளில் சேமித்து வைக்கப்பட்டுள்ள மாவுச்சத்து. அது சோற்றிலிருந்தும் பிட்டிலிருந்தும் இடியப்பத்திலிருந்தும் வருவது. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் நிபுணர் குழு 2020இல் வெளியிட்ட அறிக்கை, பயிற்சியின் கடுமைக்கேற்ப உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 3 முதல் 8 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும் என்கிறது. ‘சோறு தின்றால் உடம்பு போடும்’ என்று அஞ்சிக் காலைச் சாப்பாட்டைக் கைவிட்டு, பின்னேரம் மைதானத்தில் கால் தளர்ந்து நிற்கும் பிள்ளைக்கு எந்தப் பேணியும் உதவாது.

அடுத்தது புரதம். அதே அறிக்கை கிலோ ஒன்றுக்கு 1.6 முதல் 2.2 கிராம் வரை எனக் கணக்கிடுகின்றது. 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு 80 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நம் கரையில் இதனைத் தேடுவது சிரமமா? 150 கிராம் சூரை மீனில் ஏறக்குறைய 30 கிராம் புரதம் உண்டு. இரண்டு முட்டைகளில் 12 கிராம். ஒரு கிண்ணம் பருப்பில் 15 கிராமுக்கு மேல். சிறிய சட்டித் தயிரில் எட்டுக் கிராம். மூன்று வேளை உண்ணும் அரிசியிலேயே 20 கிராம் வந்துவிடும். கணக்குத் தானாகவே கூடிவிட்டது. பேணியிலுள்ள தூளின் ஒரு கரண்டியில் இருப்பது 20 அல்லது 25 கிராம் புரதமே. அது பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம், கெட்ட பொருளன்று. வீட்டுச் சமையலுக்கு வழியற்று விடுதியிலே தங்கிப் படிக்கும் வீராங்கனைக்கு அது வசதியாகவும் இருக்கலாம். ஆனால் கடலோரத்தில் வாழ்ந்துகொண்டு, மீன் வாங்கும் காசைப் பேணிக்குக் கொடுப்பது கெட்டித்தனமன்று என்பதே என் அபிப்பிராயம்.

இனி, விஞ்ஞானிகள் மெய்யாகவே பயன் கண்டுள்ள பொருள்கள் சிலவற்றைக் கூற வேண்டும். அவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. சர்வதேச ஒலிம்பிக் குழு 2018இல் வெளியிட்ட அறிக்கையில், ஆட்டத்திறனை நேரடியாக உயர்த்துவதற்கு நல்ல சான்றுள்ளவையென ஏற்கப்பட்டவை ஐந்தே: கபேன், கிரியற்றின், பீற்றூட் போன்றவற்றிலுள்ள நைத்திரேற்று, பீற்றா அலனின், அப்பச்சோடா. கடைத்தட்டுகளில் நிறைந்து கிடக்கும் நூற்றுக்கணக்கான வண்ணப் பேணிகளுள் பெரும்பாலானவற்றிற்கு இப்பட்டியலில் இடமில்லை.

கிரியற்றின் என்பது 1832இல் செவ்ரோல் என்னும் பிரெஞ்சு இரசாயனவியலாளர் இறைச்சியிற் கண்டுபிடித்த பொருள். குறுகிய வேகவோட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடுவதற்கு அது துணைபுரிகின்றது. அவுஸ்திரேலியாவின் முதற்றர உதைபந்தாட்ட வீராங்கனைகளிடம் அதனைச் சோதித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், சில ஓட்டங்களிலும் திரும்பி ஓடும் பயிற்சிகளிலும் வேகம் கூடியது. பந்தைக் குறிபார்த்து உதைக்கும் திறமை கூடவில்லை. திறமை கரண்டியால் அள்ளிப் போடக்கூடிய பொருளன்றே! உடம்பில் நீர் சேர்ந்து நிறை ஒரு கிலோ வரை ஏறுவதும் உண்டு. மீனிலும் இறைச்சியிலும் இது இருப்பினும், நாளொன்றுக்கு 3 கிராம் பெற அரைக் கிலோவுக்கு மேல் மீன் உண்ண வேண்டும். ஆதலால் இவ்விடத்தில் உம்மாவின் வாதம் சற்றுத் தளர்கின்றது. எனினும், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இதனைத் தாமாக வாங்கி உண்ணலாகாது என்பதே வைத்தியர்களின் பொதுவான ஆலோசனை. சிறுநீரக நோயுள்ளவர்களும் இதனை ஒதுக்க வேண்டும்.

கபேன் நம் வீட்டுப் பொருள். தேநீரிலும் கோப்பியிலும் உள்ளது. 2004ஆம் ஆண்டுக்கு முன் அளவு மீறினால் தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்து, அவ்வாண்டு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஸ்பெயினில் 18 வீராங்கனைகளுக்கு உடல் நிறையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வீதம் கபேன் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் உயரக் குதித்தார்கள், கூடுதல் தூரம் ஓடினார்கள் என 2014இல் எழுதினர். 50 கிலோ பெண்ணுக்கு அது 150 மில்லிகிராம். மூன்று நான்கு கோப்பை ‘பிளேன்டீ’யில் உள்ள அளவு. ஆனால் அருந்திய கபேனிற் பாதி உடம்பை விட்டு நீங்க ஐந்து மணி நேரம் வரை செல்லும். பின்னேர ஆட்டத்திற்காக அருந்தியது இரவின் உறக்கத்தைக் கெடுக்கும். மறுநாட் காலைப் பாடமும் கெடும். பாடசாலைப் பிள்ளைகளுக்குச் ‘சக்தி’ பானம் வேண்டவே வேண்டாம்.

பீற்றூட் சாறு இரத்தக் குழாய்களை விரித்து உதவும் என்கின்றனர். இவ்வித ஆராய்ச்சி பெரும்பாலும் ஆண்களிடமே செய்யப்பட்டது என்பதை இங்கே கூறிவைக்க வேண்டும். 2022இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, இத்தகைய ஊட்டப்பொருள் ஆய்வுகளிற் கலந்துகொண்டோரில் பெண்கள் நான்கில் ஒரு பங்கினருக்கும் குறைவு. பேணியின் மேற்புறத்தில் ‘விஞ்ஞானரீதியாக நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தால், யாரிடத்தில் நிரூபிக்கப்பட்டது என்று வினவும் உரிமை நம் பிள்ளைகளுக்கு உண்டு.

பெண்ணின் தேகத்திற்கே உரிய குறையொன்று உண்டு. அதனைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. அதுதான் இரும்புச்சத்துக் குறைவு. 2003ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன் சுவீடன் நாட்டு வீராங்கனைகள் 28 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களுள் 57 சதவீதத்தினருக்கு இரும்புச்சத்துக் குறைவு. 29 சதவீதத்தினருக்கு இரத்தச்சோகையே இருந்தது. அதே சுவீடன் அணி அவ்வாண்டு இறுதியாட்டம் வரை சென்று, மேலதிக நேரத்தில் ஜேர்மனியிடம் 2–1 எனத் தோற்றது. செல்வமும் வைத்திய வசதியும் மிக்க நாட்டின் சிறந்த வீராங்கனைகளிடமே இந்நிலை என்றால், நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் எளிது. மாதந்தோறும் இழக்கும் ஒவ்வொரு மில்லிலீற்றர் இரத்தத்தோடும் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போய்விடுகின்றது. வியர்வையிலும் சிறிது கழிகின்றது. பாதம் தரையில் ஓங்கிப் படும்போது சில செங்குருதித் துணிக்கைகள் சிதைகின்றன. இரும்பு குறைந்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலு குன்றும். ‘சோம்பேறி’ என்றும் ‘ஆட்டத்தில் மனமில்லாதவள்’ என்றும் பயிற்சியாளர் கடிந்துகொள்ளும் பிள்ளைக்கு மெய்யாகவே இருப்பது இரத்தச்சோகையாயிருக்கலாம். தலைச்சுற்றும், படியேறினால் மூச்சிரைப்பும், பாடத்தில் கவனமின்மையும் அதன் அறிகுறிகளே.

இவ்விடத்தில் நம் சமையலறையில் நிகழும் ஒரு விந்தையைக் கூறாமல் விடமுடியாது. முருங்கையிலையும் பொன்னாங்காணியும் கௌபியும் பருப்பும் உண்கிறோம். இவற்றில் இரும்பு உண்டு. உண்டு முடித்த கையோடு ஒரு கோப்பைத் தேநீர் அருந்துகிறோம். தேயிலையின் துவர்ப்பு அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, குடல் உறிஞ்சவிடாமற் செய்துவிடுகின்றது. தேநீரை ஒரு மணி நேரமாவது பின்போட்டு, கீரையின்மேல் அரைத் தேசிக்காய் பிழிந்தால், அதே உணவு இரு மடங்கு பயன் தரக்கூடும். மீன், இறைச்சி, ஈரல் ஆகியவற்றின் இரும்பு இன்னும் எளிதாகச் சேரும். இதற்காகத் தனியே காசு செலவாவதில்லை. தேநீர்க் குவளையை அடுப்படியில் சற்று நேரம் காத்திருக்க வைத்தாற் போதும்.

குறை மிகுந்திருந்தால் உணவு மட்டும் போதாது, குளிசை வேண்டும். ஆனால் இரத்தத்தைச் சோதிக்காமல் இரும்புக் குளிசை உண்பது தவறு. நம் நாட்டில் தலசீமியா என்னும் பரம்பரைக் குறையைத் தாங்குவோர் பலர் உளர். அவர்களுக்கும் இரத்தம் குறைவாகவே காட்டும்; இரும்பு அதற்கு மருந்தன்று; மாறாக, மிகுந்து சேர்ந்து தீங்கிழைக்கவும் கூடும். அரசாங்க வைத்தியசாலையிற் செய்யும் ஓர் எளிய சோதனை இரண்டையும் பிரித்தறிய வழிகாட்டும். குளிசை எழுதிக் கொடுத்தால் அதனை எப்போது உண்பது என்றும் வைத்தியரைக் கேளுங்கள். நாள்தோறும் உண்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டால் உடம்பு அதிக விகிதத்தில் ஏற்றுக்கொள்கின்றது என்று சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் இளம் பெண்களிடம் கண்டறிந்தனர். கடும் பயிற்சி முடிந்த சில மணி நேரத்திற்கு உடம்பு இரும்பை ஏற்கத் தயங்கும் என்பதும் தெரியவந்துள்ளது. ஆகவே காலை வேளை உகந்தது.

விற்றமின் ‘டி’யைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலுக்குக் குறைவில்லாத கரைதான் நமது கரை. எனினும் உடம்பை முழுக்க மறைத்து, வெயிலேறியதும் வீட்டுக்குள் இருப்பவர்க்கு இது குறையக்கூடும். எலும்பு நோவும் அடிக்கடி முறிவும் உள்ள பிள்ளைக்கு இதனையும் சோதித்துப் பார்க்கலாம்.

இனி நோன்பு மாதம். உண்ணாமலும் நீரருந்தாமலும் ஆடுவது எவ்வாறு? இதனை ஆராய்ந்தோர் இருவகை முடிவுகளைக் கண்டுள்ளனர். அல்ஜீரியாவின் தொழில்முறை வீரரிடம் ஆட்டத்திறன் குறைந்தது. துனீசியாவின் இளம் வீரரிடம், உணவும் உறக்கமும் பயிற்சியும் ஒழுங்காயிருந்ததால், குறிப்பிடத்தக்க வீழ்ச்சி காணப்படவில்லை. இரண்டும் ஆண்களைப் பற்றியவை. பெண்களுக்கோ மாதவிலக்கு நாட்களில் நோன்பில்லை; விடுபட்டதைப் பின்னர் கழாவாக நோற்பார்கள். அந்நாட்கள் ஆட்டப் போட்டிகளின் காலத்தில் வந்து சேருமானால், பயிற்சியாளர் அதனை முன்கூட்டியே அறிந்து பயிற்சியைத் தளர்த்துவது நன்று. கேட்பதற்கு ஆண் பயிற்சியாளர் வெட்கப்படுவார். சொல்வதற்குப் பிள்ளை வெட்கப்படும். இடையில் ஓர் ஆசிரியை இருந்தால் காரியம் எளிதாகும்.

நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் நம் முன்னோர் வகுத்த ஒழுங்கு. பேரீச்சையில் விரைவிற் சேரும் இனிப்பு. கஞ்சியில் அரிசியும் இறைச்சியும் உப்பும் நீரும். விளையாட்டுப் பானம் விற்பவர் புட்டியில் அடைத்துத் தருவதும் இனிப்பும் உப்பும் நீருமே. 1965இல் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் முதன்முதல் அத்தகைய பானத்தைத் தயாரித்தபோது, அதன் இரகசியமும் அவ்வளவுதான். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, தேசிக்காய் பிழிந்தால் வியர்த்த உடம்புக்கு அது போதும். இளநீர் நல்லதுதான்; ஆனால் வியர்வையில் அதிகமாகக் கழியும் சோடியம் அதிற் குறைவு. ஆகவே ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்துக்கொள்க.

பேணியில் இன்னுமோர் ஆபத்து உண்டு. மேலே எழுதியுள்ள பொருள் மாத்திரமே உள்ளே இருக்கின்றது என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஜேர்மனியின் கொலோன் நகர ஆய்வுகூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டப்பொருள்களைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டது. அவற்றுள் 94இல், அதாவது ஏறக்குறைய ஏழில் ஒன்றில், மேலே எழுதப்படாத ஹோர்மோன் வகைப் பொருள்கள் இருந்தன. இவை ஊக்கமருந்துச் சோதனையில் வீரரைச் சிக்கவைக்கக் கூடியவை. வளரும் பெண்பிள்ளையின் உடம்பில் ஆண் ஹோர்மோன் செய்யக்கூடிய கேட்டை விரித்துக் கூற வேண்டியதில்லை.

‘அறியாமல் உண்டேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது. ஊக்கமருந்து விதிகளின்படி, உடம்பில் இருப்பதற்கு உண்டவரே பொறுப்பு. நம் நாட்டுக் கிறிக்கெற் வீரர் உபுல் தரங்க 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தின்போது சோதனையிற் சிக்கினார். நெடுநாள் தோள் நோவுக்காக அவர் உட்கொண்ட மூலிகை மருந்தே காரணம் என்பதையும், திறனை உயர்த்தும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை என்பதையும் விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் மூன்று மாதத் தடை விதிக்கப்பட்டது. ‘மூலிகைதானே, என்ன செய்யும்?’ என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

நமக்கு மேலும் ஒரு கேள்வி உண்டு: பேணியில் இருப்பது ஹலாலா? கூட்டுக் குளிசையின் உறை பெரும்பாலும் ஜெலற்றினாற் செய்யப்படுவது. அது மாட்டிலிருந்தும் எடுக்கப்படலாம், பன்றியிலிருந்தும் எடுக்கப்படலாம். சில குளிசைகளின் உறை தாவரப் பொருளாலானது. ஹலால் முத்திரை இருக்கின்றதா என்று பார்ப்பதோடு, அந்த முத்திரை உள்ளிருக்கும் பொருளின் தூய்மைக்கு ஊக்கமருந்துச் சோதனைச் சான்றாகாது என்பதையும் அறிய வேண்டும். இரண்டும் வெவ்வேறு சோதனைகள். தேசிய அணிக்குச் செல்லும் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

பிள்ளை கடுமையாக ஆடியும் போதியளவு உண்ணாவிட்டால் நேர்வது மிகவும் மோசமானது. செலவுக்கேற்ற வரவில்லாத உடம்பு சிக்கனம் பண்ணத் தொடங்கும். முதலில் மாதவிலக்கு தவறும். பிறகு எலும்பு பலவீனப்படும். சிறு மோதலில் முறியும். ஒலிம்பிக் குழு 2014இல் இந்நிலைக்குத் தனிப் பெயரிட்டு எச்சரிக்கை விடுத்தது. விலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராதிருந்தால், ‘ஆடுகிறவளுக்கு அப்படித்தான்’ என்று உம்மாவும் மகளும் ஆறுதல் கொள்ளலாகாது. அதனை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அதற்கு மருந்து பெரும்பாலும் இன்னுமொரு தட்டுச் சோறும் சில நாள் ஓய்வுமே.

பெண்களுக்கு முழங்காற் காயம் ஆண்களைவிட அதிகம் நேர்வது. அதனைத் தடுக்கும் தூள் எதுவும் இல்லை. ஆனால் அதனைக் குறைக்கும் ஓர் அப்பியாசம் உண்டு. நோர்வேயில் 125 கழகங்களைச் சேர்ந்த, 13 முதல் 17 வயது வரையான 1,892 பெண்பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பயிற்சிக்கு முன் 20 நிமிட உடற்சூடேற்றும் அப்பியாசத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். மெல்லோட்டம், குந்தி எழுதல், ஒற்றைக்காலில் நிற்றல், குதித்து முழங்கால் உள்ளே மடங்காமல் இறங்குதல், திசைமாறி ஓடுதல் ஆகியவை அதில் அடங்கும். ஒரு பருவம் முழுவதும் கவனித்து 2008இல் வெளியிட்டபோது, அப்பிரிவினரிடம் கடுங்காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் ‘பதினொன்று பிளஸ்’ என்ற பெயரில் இதனைப் பரப்பி வருகின்றது. படங்களும் செயல்முறையும் இலவசமாகவே கிடைக்கும். பாடசாலை விளையாட்டாசிரியை ஒருவர் இரண்டு கிழமைகளில் இதனைப் பழக்கிவிடலாம். வேண்டியவை ஒரு பந்தும், கல் பொறுக்கிய சமதரையும், பிள்ளைகள் வீடு திரும்ப மஃரிபுக்கு முன் போதிய நேரமுமே.